மலையிலிருந்து தம்பியைத் தேடியது

மலை ஏறுவதற்கு நாங்கள் என்ன ஆட்கள்? உடப்புக் கடற்கரையில் பிறந்தவர்களுக்கு மணல்மேடே பெரிய ஏற்றம். ஆனாலும் போன மாதம் அப்பா, அம்மா, நான், தம்பி வளர்த்த நாய் என்று எல்லோருமாக ஆனமடுப் பக்கத்துப் பாறை மலை ஒன்றில் ஏறினோம். எல்லாம் அம்மாவால்.

போன முறை தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடித்த காலத்தில் கடலுக்குப் போன தம்பி திரும்பவில்லை. படகும் இல்லை, உடலும் இல்லை. காரியத்தைச் செய்துவிடுவோம் என்று அப்பா மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அசையவில்லை. "கண்ணால காணாத சாவுக்கு என்ன காரியம்?" என்பார். அந்தக் கதையை எடுத்தாலே சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து நான்தான் நொந்துபோனேன்.

அந்த மலையை எங்கள் ஆட்கள் கடலில் நின்றுதான் அறிவார்கள். வானம் வெளுத்த காலையில் அது கிழக்கே சின்னதாகத் தெரியும். மலை உச்சியும் எங்கள் கோயில் கோபுரமும் ஒரே நேர்கோட்டில் வந்தால், மீன் கிடக்கும் இடத்துக்கு மேலே நிற்கிறோம் என்று கணக்கு. தம்பி கடைசியாக வலை போடப் போனது அங்கேதான்.

"அங்க இருந்து மலை தெரியுது. அப்ப மலையில இருந்து அந்த இடம் தெரியாதா?" என்று ஒருநாள் அம்மா கேட்டார். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

"ஒண்டும் தெரியாட்டி?" என்றார் அப்பா.

"தெரியும். போய்ப் பாக்காம எந்தக் காரியமும் இல்ல."

நாயும் வரவேண்டும் என்று அம்மாவுக்குப் பிடிவாதம். தம்பி எங்கே இருந்தாலும் அது கண்டுபிடிக்குமாம். வாடகைக்குப் பிடித்த வான்காரர் முகத்தைச் சுளித்தார்.

"நாய்க்கும் சீட்டு வேணுமோ?"

"ஓம், ஜன்னல் பக்கம்," என்றேன். எனக்கு இருந்த எரிச்சலுக்கு அவர் அதற்குமேல் பேசாதது நல்லது.

செருப்பை வானிலேயே விட்டுவிட்டோம். வெறுங்காலோடு மணலில் திரிந்த புத்தி. கொஞ்ச நேரத்தில் பாறை சூடேறிப் பாதம் வெந்தது. பாதி வழியில் செங்குத்தான ஓரிடம், பிடித்து ஏற இரும்புச் சங்கிலி போட்டிருந்தார்கள். நாய் அங்கே படுத்துவிட்டது. தம்பி போன நாளிலிருந்து அப்பா அதன் பக்கமே திரும்பியதில்லை. இப்போது குனிந்து, அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் சங்கிலியைப் பிடித்து ஏறினார். மூச்சு இரைத்தது. "இறக்கி விடுங்கப்பா" என்றதற்கு என்னை முறைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உச்சியில் நல்ல காற்று. நாய் தண்ணீர் குடித்துவிட்டு நிழலில் சுருண்டு படுத்தது. நாங்கள் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றோம். காடு, குளங்கள், அதற்கப்பால் தென்னந்தோட்டங்கள், எல்லாவற்றுக்கும் அப்பால் ஒரு வெளிறிய கோடு. கோபுரம் தெரியவில்லை. ஒரு படகும் தெரியவில்லை. எது கடல், எது வானம் என்றுகூட எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"அந்த இடம் எந்தப் பக்கம்?" என்று அம்மா கேட்டார்.

அப்பா கையை நீட்டினார். இருட்டிலும் அந்த இடத்துக்குப் படகை நேரே கொண்டுபோகிறவர் அவர். நீட்டிய கை ஒரு பக்கம் போனது, பிறகு மறுபக்கம் போனது, ஓரிடத்திலும் நிற்கவில்லை. அம்மா அந்தக் கையைப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டார்.

"கடல் இவ்வளவு பெரிசா?" என்றார். பிறந்ததிலிருந்து கடற்கரையில் இருக்கிறவர்.

பிறகு அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். குரல் தெளிவாக இருந்தது.

"ஐயரிட்ட நாள் கேளுங்க. செய்திடுவம்."

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் அப்பா இத்தனை மாதமும் சண்டை பிடித்தார். இப்போது பாறையில் குந்தி, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்ச நாள் பொறுப்பமே," என்றார்.