மடியை நனைக்காத பிள்ளை

எங்கள் மூத்த மகன் பிறந்து மூன்று மாதம்வரை யார் மடியையும் நனைத்ததில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து எங்கள் தாம்பரம் வீட்டுக்கு வருகிறவர்கள் அவனைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, "சமத்துப் பிள்ளை, சேலை தப்பிச்சுது" என்பார்கள். எங்களுக்கும் அதில் பெருமை. நான் பத்திரிகை அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதியதில் பிழை பிடிக்கிறவன். மனைவி பள்ளி ஆசிரியை. அவன் இடுப்புத்துணி எந்நேரமும் லேசாக ஈரமாகவே இருந்ததைப் பார்த்தோம். ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

கேட்டவர் கோவளத்திலிருந்து பஸ்ஸில் மீன் கொண்டுவரும் அக்கா. ஒருநாள் கூடையை இறக்கிவிட்டு, துணி மாற்றிக்கொண்டிருந்த என் மனைவியின் அருகில் குந்தினார்.

"இன்னா டீச்சரம்மா, புள்ள சொட்டு சொட்டா வுடுது?"

"அவன் எப்பவும் அப்படித்தான் அக்கா. யார் மேலயும் ஒண்ணுக்கு அடிக்கமாட்டான்."

"அத்த பெருமையா வேற சொல்லிக்கினு கீறியே! நான் நாலு பெத்தவ. ஆம்பளப் புள்ளன்னா எதுக்க நிக்கறவன் மூஞ்சில அடிக்கணும். அடிவயிறு பாரு, பந்து மாதிரி கீது. மீனு அப்பால வாங்கலாம், டாக்டராண்ட தூக்கினு போ."

நகரத்து மருத்துவமனையில் அறுவை மருத்துவர் பென்சிலால் வரைந்து காட்டினார். சிறுநீர் வெளியேறும் பாதையில் பிறவியிலேயே ஒரு மெல்லிய சவ்வு. அது வழியை மறித்ததால் சிறுநீர்ப்பை வீங்கி, அழுத்தம் சிறுநீரகங்கள்வரை ஏறியிருந்தது. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் பிள்ளை தங்கியிருக்கமாட்டான் என்றார். முதலில் ரப்பர் குழாய் வைத்துச் சில நாட்கள் வடியவிட்டார். இரத்தப் பரிசோதனை சரியான பிறகு சவ்வை அகற்றினார்.

"குழாயை எடுத்ததும் தானாப் போகணும். மறுபடி சொட்டினா, மறுபடி ஆபரேஷன் தியேட்டர்தான்" என்று சொல்லிவைத்தார்.

குழாயை எடுத்த காலை, நர்ஸ் எனாமல் கிண்ணத்தைப் பிடித்தார். மனைவி அவனைத் தூக்கிப்பிடித்து "ஸ்ஸ்" என்றாள். நீண்ட நேரம் ஒன்றுமில்லை. பிறகு கிண்ணத்தில் சத்தம் கேட்டது. அறுபடாத, ஒரே சீரான சத்தம். பத்திரிகை வேலையின் பழக்கதோஷம், கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது பத்து.

ஒரு சிறுநீரகம் முழுதாகத் தேறவில்லை. மற்றது போதும் என்றார் மருத்துவர்.

வீடு திரும்பிய வாரம் மீன்கார அக்கா வந்தார். மனைவி விலை கேட்கவில்லை. பிள்ளையைத் துணியில்லாமல் அவர் கையில் கொடுத்தாள். தலைக்கு மேல் தூக்கிக் கொஞ்சியவரின் முகத்திலேயே அடித்தான்; முந்தானைவரை நனைந்தது.

"அட்ச்சான் பாரு என் ராசா!"

அவர் துடைத்துக்கொள்ளவில்லை. எங்கள் தெருவில் அன்று ஒவ்வொரு வீட்டிலும் ஈர முந்தானையைக் காட்டிவிட்டுத்தான் மீன் விற்றார்.