பத்தொன்பதாவது ஓடு

புதுப் பானையை மடியில் வைத்துத் தட்டிப் பார்ப்பார். ஓசை நன்றாக இருக்கிறது என்று திருப்தியானதும் சுத்தியலால் ஒரே போடு. "நான் உடைச்சாதானே பசங்க கண்டுபிடிக்க முடியும்?" என்பார் குழி டீச்சர்.

அருங்காட்சியகத்தின் பின்முற்றத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அகழாய்வு பழக்குவது அவர் வேலை. உடைத்த ஓடுகளைத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்துக் கிழடாக்குவார். தன்னுடையது என்று தெரிய, ஒவ்வொன்றின் உட்புறமும் ஒரு பொட்டு சிவப்பு நெயில் பாலிஷ். பிறகு மணல் நிரப்பிய நான்கு குழிகளில் புதைத்து, எது எங்கே என்று நோட்டில் எழுதிக்கொள்வார். அந்த நோட்டு எங்கே என்று தேடுவதிலேயே பாதி நாள் ஓடிவிடும். பிள்ளைகள் ஓடு கிடைத்துக் கத்தினால் அவரும் சேர்ந்து "அடேங்கப்பா!" என்று வாயைப் பிளப்பார். தானே புதைத்ததற்கு இத்தனை ஆச்சரியமா என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. கேட்டேவிட்டேன். "நடிப்பில்லைங்க, நெஜமாவே மறந்துடுறேன்."

அன்று என் தங்கை மகளின் வகுப்புக்குத் துணையாகப் போயிருந்தேன். மூன்றாவது குழியில் பதினெட்டு ஓடு, பதினெட்டும் கிடைத்தாயிற்று. எங்கள் வீட்டு வாலு மட்டும் நிறுத்தவில்லை. மணலைத் தாண்டி அடியிலிருந்த கெட்டி மண்ணையும் சுரண்டி, "டீச்சர், இன்னொண்ணு!" என்றாள். உள்ளங்கை அகலக் கருப்பு ஓடு, பாதி மண்ணுக்குள். உட்புறம் மேலே தெரிந்தது. பொட்டு இல்லை.

"நீங்க வச்சதா டீச்சர்?"

"தெரியலையேடா கண்ணு."

நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். "நான் கருப்புப் பானையே வாங்கினதில்லையே... வாங்கினேனா?" என்று என்னைக் கேட்டார். என்னைக் கேட்டால்? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மேலதிகாரிக்கு ஃபோன் போட்டார். அந்தப் பக்கம் சிரித்தது எனக்கே கேட்டது. "ஏம்மா, நீயே புதைச்சு நீயே கண்டுபிடிச்சியா? பொட்டு வைக்க மறந்திருப்ப. வாளியில போட்டு மத்ததோட திரும்பப் புதை. அடுத்த ஸ்கூல் பஸ் கிளம்பிடுச்சு."

"நெஜமாவே பழங்காலத்து ஓடா இருந்தா இந்த இடத்தையே மூடிடுவாங்க, பசங்க வர முடியாது" என்றார் என்னிடம், குரலைத் தாழ்த்தி. "இல்லன்னா எல்லாரும் சிரிப்பாங்க. இருபது வருஷமா புதைச்சிட்டே இருக்கேங்க. ஒரு தடவகூட நானா எதையும் கண்டுபிடிச்சதில்ல."

அந்த முகத்தில் இருந்தது பயமா ஆசையா, பிடிபடவில்லை. பாவமாக இருந்தது. வாசலில் பஸ் வந்து ஹாரன் அடித்தது.

வாளியைத் தூக்கினார். ஓட்டைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார்.

"எல்லாரும் மெதுவா வெளிய வாங்க செல்லங்களா. யாரும் தொடக் கூடாது."

காலையிலிருந்து செருப்போடு ஏறி இறங்கிய குழிதான் அது. இப்போது விளிம்பில் நின்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே இறங்கினார்.