அனுப்பாத அட்டைக்கு வந்த பாட்டு

பேய், சகுனம், குறி எதையும் நான் சட்டை செய்தவனில்லை. தினமும் தேதி, காற்றின் திசை, தூத்துக்குடிக்கு வந்த கப்பல் என்று டைரி எழுதுகிறவன். ஆகவே இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பமாட்டேன்.

வம்பே அந்த டைரியால்தான் வந்தது. 1974இல், கல்யாணமான மறுவருடம், என் மனைவி சிசிலி அதைப் புரட்டிவிட்டாள்.

"உப்புக் கப்பலுக்கு மூணு வரி. நம்ம கல்யாணத்துக்கு ஒத்த வார்த்தையா? பேசாம கப்பலையே கட்டியிருக்கலாம்லா."

பெட்டியோடு கீழவைப்பாருக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் கூப்பிட்டால்தான் வருவாளாம். எனக்கோ வீம்பு.

பதினெட்டாம் நாள், நேரில் போய்க் கூப்பிட வெட்கப்பட்டு, கடலுக்கு அக்கரையிலிருந்து நேயர் விருப்பம் ஒலிபரப்பும் வானொலிக்கு, எங்கள் இருவர் பெயரையும் போட்டு ஒரு பாட்டுக் கேட்டு அட்டை எழுதினேன். அந்தப் பாட்டில் விசேஷம் ஒன்றுமில்லை, மாட்டுவண்டிக்காரன் ஒருவன் பாடுவது. ஆனால் எங்கள் கல்யாணத்தன்று நாங்கள் வாசற்படி ஏறும்போது மைக்செட்டில் அது ஓடிக்கொண்டிருந்தது. இசைத்தட்டில் கீறல் விழுந்து, 'கூட வா' என்ற இடத்தில் ஏழு முறை சிக்கியது. பந்தலே சிரித்தது. மைக்செட்டுக்காரர் கோபத்தில் தட்டை அங்கேயே உடைத்துப் போட்டார். அன்றிலிருந்து அது எங்கள் பாட்டு.

எழுதி முடித்ததும், ஊர் சிரிக்குமே என்று அட்டையை டைரிக்குள்ளேயே செருகிவிட்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை, மாலை நாலரை மணி. துறைமுகத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். வானொலியில் என் பெயர், அடுத்து அவள் பெயர், அடுத்து அந்தப் பாட்டு. டீ கையில் கொட்டிவிட்டது. நம்பினால் நம்புங்கள், பாட்டு 'கூட வா'வில் சிக்கியது. எண்ணினேன். ஏழு.

"அக்கரையிலயும் கீறல் தட்டுதான் போடுதான் வே" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் சிசிலி வந்து இறங்கினாள்.

"ஊரறிய ஏழு தடவ கூப்பிட்டுட்டிய. வராம இருந்தா நல்லாவா இருக்கும்?"

அன்றைய டைரியில் அவள் வந்ததைப் பற்றி ஒன்றரைப் பக்கம். கப்பலுக்கு இடமில்லை.

அனுப்பாத அட்டையை அவளிடம் காட்டப் பல மாதம் ஆயிற்று. வேறு யாராவது எழுதிப் போட்டிருப்பார்கள் என்கிறார்கள், இருக்கலாம். ஆனால் உடைந்த தட்டில் ஒரு துண்டைச் சிசிலி கல்யாணத்தன்றே எடுத்து நகைப்பெட்டியில் வைத்திருந்தாள். கீறல் அதில்தான் இருக்கிறது, இப்போதும் விரலில் நெருடுகிறது. அது எப்படி அக்கரையில் பாடிற்று என்பதற்கு மட்டும் என் டைரியில் ஒரு வரி காலியாகவே கிடக்கிறது.