பிளக்கைப் பார்க்கப் போனவன்

எங்கள் வீட்டு ஹோம் தியேட்டருக்கு வந்த வருத்தம் விசித்திரமானது. படம் ஓடும், விளக்குகள் எரியும், முன்பக்கத்து எண்கள் மினுங்கும். சத்தம் மட்டும் இராது. அம்ப்ளிஃபயருக்குள்ளே ‘டிக்’ என்று ஏதோ விழும். நான் எழுந்து, இடுப்புச் சாரனைச் சரிசெய்து, பெட்டிக்குப் பின்னால் குனிந்து வயர்களை ஆட்டிக்கொண்டிருக்கையில் மறுபடி ‘டிக்’ என்னும். சத்தம் திரும்பிவிடும். என் கைபட்டால் குணமாகிறது என்று கொஞ்சக் காலம் எனக்கு என்மேலேயே ஒரு மதிப்பு இருந்தது.

நான் குனிவதற்குள் மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியிருப்பாள். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். தலையில் முக்காடு இருக்கும், காலில் செருப்பு இராது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு, சத்தம் நின்றால் அவளுக்கு ஒரே பொருள்தான்: மறுபடியும் கடல். தெருக் கேற்றடியில், கடலுக்கு முதுகைக் காட்டி நின்று மேற்கே பார்ப்பாள். சத்தம் திரும்பியதும், யாரும் ஒன்றும் கேட்கக் கூடாது என்ற முகத்தோடு உள்ளே வந்து கறியைக் கிண்டுவாள். மற்ற வீடுகளில் இது ஒரு பழுது. எங்கள் வீட்டில் அவள் ஒருவேளைச் சோற்றைப் பயமில்லாமல் ஆக்கி முடிப்பாளா என்பது அந்த ‘டிக்’கில் இருந்தது.

பெட்டியைக் கட்டாரிலிருந்து கொண்டுவந்தவர் என் தங்கையின் மாப்பிள்ளை. கடல் கொண்டுபோன வீட்டின் அத்திவாரத்திலேயே புதிதாகக் கட்டிக் குடிபுகுந்திருந்தோம். வீடு மனைவியுடையது. எங்கள் சாய்ந்தமருதில் வீடு பெண்ணுக்குச் சேரும். மாப்பிள்ளை, மேசை கதிரைபோல, அதற்குள் கொண்டுவந்து வைக்கப்படுகிற தளபாடம். எனக்கென்று சொல்லிக்கொள்ள ஒரு புத்தக அலுமாரியும் இந்தப் பெட்டியும் இருந்தன. ஜன்னல் அதிர ஒரு படம் பார்த்தேன். ஒன்றுதான். அடுத்த வளவிலிருந்து மாமனார் வந்து, “மருமகன், சுவர் இன்னம் காயல்ல” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் மனைவி அதில் வானொலியைப் போட்டாள். அதன்பின் பெட்டி என் கைக்குத் திரும்பவில்லை. “எந்த அறைக்குள்ள நிண்டாலும் கேக்கோணும்” என்றாள். அன்றைக்குக் கடல் வருகிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இனி யாராவது சொன்னால் அது அவள் காதில் விழ வேண்டும். அதற்காக நெல் விலை, மரண அறிவித்தல், வாழ்த்து நிகழ்ச்சி எல்லாவற்றையும் குடும்பமாகச் சகித்துக்கொண்டோம்.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவன். அப்படியே செய்தேன். வயர் நுனிகளைச் சீவி முறுக்கினேன். இடது ஸ்பீக்கரை வலதாக்கினேன். உப்புக்காற்றில் பச்சை பிடித்திருந்த துளைகளை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். வீடு முழுக்க ஆஸ்பத்திரி மணந்தது. சத்தம் தன்பாட்டில் போய் வந்தது. கடைசியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் கல்முனைக்குப் போய், பஸாரில் உள்ள ரேடியோக் கடையில் கொடுத்தேன். சில நாள் கழித்துப் போனபோது அது உச்சத்தில் பாடிக்கொண்டிருந்தது.

“ஒருக்காலும் நிக்கல்லையா?” என்று திருத்துநரிடம் கேட்டேன்.

“எங்க நிக்கிற? பக்கத்துக் கடைக்காரன்தான் நிப்பாட்டச் சொல்லி வாறான்.”

“மறுகா, வீட்ட மட்டும் ஏன் நிக்குது?”

“வீட்ட ஆர் போடுற, சேர்?”

“பெண்சாதி.”

“அப்ப பயந்திருக்கும்” என்றார். இருந்தாலும் சும்மா அனுப்பக் கூடாதென்று உள்ளே ‘டிக்’ என்று விழுகிற ரிலேயை மாற்றி, நாலு இடத்தில் ஈயமும் வைத்துத் தந்தார். பெட்டி வீட்டில் இல்லாத அந்த நாட்களில் மனைவி வேலைக்கு நடுவே மேல்தட்டுக்கு ஏறி ஏறிக் கடலைப் பார்த்து வந்திருக்கிறாள். “அது அங்கதான் கிடக்கு, புள்ள” என்று மாமனார் கீழேயிருந்து சொல்லியிருக்கிறார். கொண்டுவந்து பூட்டிய அன்று பின்னேரமே ‘டிக்’.

யுத்தம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் அறிவித்த நாளும் அப்படித்தான். மாமனாரும் வந்திருந்தார். படத்தின் சத்தம் பெட்டி வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. பெரிய செய்தியின் நடுவிலே, வாக்கியத்தின் பாதியில், சத்தம் போனது. திரையில் வாய் மட்டும் திறந்து மூடியது. அதே நேரம் சந்தியில் வெடி கேட்டது. மனைவி மகளோடு ஓடிவிட்டாள். நான் வழக்கம்போலக் குனிந்தேன். எனக்குப் பின்னாலிருந்து மாமனார், “என்னவாம், முடிஞ்சிட்டாமா, இல்லையாமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்தேன். எதிர்வீட்டுப் பெண் மதிலுக்கு மேலால் என் மனைவியிடம், “என்ன புள்ள, சண்ட முடிஞ்ச பிறகு ஓடுறா? ஓடுறதெண்டா முந்தியல்லவா ஓடிருக்கோணும்” என்று சிரித்தாள். மனைவியும் சிரித்து வைத்தாள். சந்தியில் கொளுத்தியது சீனவெடி. வெடி கொளுத்தியவர்களும், கல்முனையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்த தமிழர்களும் ஒரே பேக்கரியில் பாண் வாங்குகிறவர்கள். அடுத்த நாள் பாடசாலை ஓய்வறையில் நாங்கள் எல்லோரும் வெயிலைப் பற்றிக் கதைத்தோம்.

அன்று சாப்பிட்டு முடிந்து மாமனார் போன பிறகு அவள் கேட்டாள்.

“சத்தம் நிண்டா ஏன் குனியிறீங்க?”

“பிளக்கைப் பாக்க.”

“நானும் அதத்தான் பாத்தன்.”

கடல் வந்த காலையில் அவள் அப்போது கடற்கரையோரத்தில் இருந்த தன் தாய்வீட்டில் இருந்தாள் என்பதும், உம்மா அலையோடு போய் மௌத்தானார் என்பதும் எனக்குத் தெரியும். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது என்பதும் தெரியும். தெரியாததை அன்றுதான் சொன்னாள். ரேடியோ நின்றது. கடற்கரைப் பக்கத்து மின்கம்பங்கள் அப்போதே விழுந்திருக்க வேண்டும். அவளுக்கு அது எப்படித் தெரியும்? பிளக்கைக் கழற்றித் திரும்பச் செருகிப் பார்த்தாள். கிணற்றடியிலிருந்து உம்மா கூப்பிட்டார்.

“‘பொறுங்க உம்மா, பிளக்கைப் பாத்திட்டு வாறன்’ எண்டன்” என்றாள். வெள்ளத்தில் அவளைக் கூரை மரம் ஒன்று தாங்கியிருந்த கதையை ஊரே அறியும்.

அதற்குப் பிறகு என்னால் குனிய முடியவில்லை. சத்தம் போனால், வகுப்பில் எழுப்பிவிடப்பட்ட மாணவனைப் போல நடுக்கூடத்தில் நின்றேன்.

நிற்கப் பழகியதால்தான் காரணம் அகப்பட்டது. ஒருநாள் அந்தியில், மஃரிப் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுக்கப் போனேன். தொட்டியில் தண்ணீர் இல்லை. தண்ணீர் மோட்டரைப் போட்டேன்; கூடத்தில் ‘டிக்’. நிறுத்தினேன், சற்றுப் பொறுத்து ‘டிக்’. மறுபடி போட்டேன், மறுபடி நிறுத்தினேன். பக்கத்து வீட்டு மோட்டரும், அதற்கு அடுத்ததும் உறுமத் தொடங்கியிருந்தன. கடலுக்குப் பிறகு கட்டிய வீடுகளிலெல்லாம் மேலே தொட்டி, கீழே மோட்டர். பள்ளிவாசலில் வாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கப் போகிற நேரம் தெரு முழுக்க ஒளு எடுக்கும். மின்சாரத்தின் அழுத்தம் விழும். மற்றச் சாமான்கள் முனகிக்கொண்டு சமாளிக்கும். வெளிநாட்டுப் பெட்டி மட்டும் தன் உடம்பைக் காத்துக்கொள்ள ஸ்பீக்கர்களைக் கழற்றிவிடும். தண்ணீர் மோட்டர்கள் இல்லாத பஸாரில் அது நிற்காததன் மர்மமும் அவ்வளவுதான். ஓமின் விதியை ஆண்டுக்கு மூன்று வகுப்புக்குப் படிப்பிக்கிற எனக்கு, அது என் வீட்டிலும் செல்லுபடியாகும் என்பது தோன்றவில்லை.

பெருமையோடு மனைவியைக் கூப்பிட்டு, போட்டும் நிறுத்தியும் காட்டினேன். கவனமாகப் பார்த்தாள்.

“அப்ப இது கடல் இல்ல.”

“இல்ல. மோட்டர்.”

“ஒவ்வொரு நாளும் மோட்டர்தான்.”

“ஓம்.”

“அப்ப உள்ளபடி கடல் வந்து சத்தம் நிண்டாலும் மோட்டர் எண்டுதானே நினைப்பன்.”

வகுப்பில் இப்படி ஒரு கேள்வி வந்தால், நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லலாம்.

ஸ்டெபிலைசர் ஒன்று வாங்கிப் பூட்டினேன். அதன்பிறகு சத்தம் நிற்கவேயில்லை. மஃரிபுக்கு முன் மோட்டர்கள் உறுமின, வானொலி இடைவிடாமல் பேசியது, மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கேற்றடியில் நின்றாள். முன்பு சத்தம் போனால்தான் போவாள். இப்போது ஒவ்வொரு நாளும் போனாள்.

ஒரு பகல், சோற்றுக்கு முன்னால் வைத்துத் தன் தகப்பனிடம் கேட்டாள்: “வாப்பா, சவளக்கடை மேட்டுக்காணிய எனக்குத் தாங்க. ரெண்டு அறை போதும்.”

ஊருக்கு மேற்கே, மாமனாருக்கு அங்கே வயலும், வயலோரம் கொஞ்சம் மேடும் இருந்தன. சண்டைக் காலத்தில் வெயில் சாய்வதற்குள் திரும்பிவிடுவார். சில போகம் போகவேயில்லை. கிழக்கே கடல், மேற்கே சண்டை. அவள் கேற்றடியில் நின்று மேற்கே பார்த்த அத்தனை நாளும் ஓடுவதற்கு இடமிருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“அங்க ஆனை வரும், புள்ள” என்றார் மாமனார்.

“ஆனை வந்தா நாய் குரைக்கும், ஆக்கள் கூ வைப்பாங்க, வெடி போடுவாங்க. சொல்லிட்டுத்தானே வாப்பா வருது.”

“கரண்டும் இல்ல.”

“வேணாம்.”

மாமனார் என்னைப் பார்த்தார். வீடு அவளுடையது, காணி அவருடையது. பள்ளிக்கூடம் தூரம் என்றேன். இருவரும் சோற்றைப் பிசையத் தொடங்கினார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து காணி பார்க்கப் போனோம். மோட்டார் சைக்கிளை மதகடியில் நிறுத்தினேன். “நீங்க இஞ்ச நில்லுங்க. நான் மேட்டில நிண்டு கையக் காட்டின உடன கூப்பிடுங்க. கேக்குதா எண்டு பாப்பம்” என்றாள்.

“என்னண்டு கூப்பிட?”

“ஓடு எண்டு.”

மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வரம்பு வழியே போனாள். மேட்டை அடைந்து கையைத் தூக்கினாள். வாழ்நாளில் மனைவியை உரத்துக் கூப்பிட்டவனல்லன் நான். இருந்தாலும் மூச்சைப் பிடித்து, “ஓடு” என்று கத்தினேன்.

நடுவயலில் புல் பிடுங்கிக்கொண்டிருந்த நாலைந்து பேர் நிமிர்ந்தார்கள். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பிடுங்கியதைப் போட்டுவிட்டு, சேற்றைச் சிதறிக்கொண்டு ஓடினார்கள். மேட்டில் மனைவி தூக்கிய கையோடு அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் வரம்பில் ஏறி, வழுக்கி, அவர்களுக்குப் பின்னால் ஓடினேன். அதனால் அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள். கடைசியில் ஒருவர் வாய்க்கால் கட்டில் மூச்சு வாங்க நின்றார்.

“என்ன வருது?” என்றார்.

“ஒண்டுமில்ல, அண்ணன். பெண்சாதிக்குக் கேக்குதா எண்டு பாத்தன்.”

அவர் மேட்டைப் பார்த்தார், பிறகு என்னை.

“கேட்டிச்சு” என்றார்.