மோப்பம் சொன்ன இசை வகுப்பு

கல்லூரியின் உதவித்தொகைக் குமாஸ்தாவுக்கு மாணவர்கள் வைத்த பெயர் மோப்பம். எதிலும் உள்நோக்கத்தை மோப்பம் பிடிப்பவர்; மனைவி சிரித்தபடி காபி கொடுத்தாலும் "என்ன விசேஷம்?" என்று கேட்கிற மனுஷர்.

அன்று ஒரு மாணவி, தலையில் ஏறாத புள்ளியியலை விட்டுவிட வந்தாள்.

"ஒரு பாடம் குறைஞ்சா நீ முழுநேர மாணவி இல்லைம்மா, உதவித்தொகை போயிடும். முதல்ல வேற பாடத்துல சேரு, அப்புறம் இதை விடு. இசை வகுப்புல இடம் இருக்கு."

அவள் கண்ணைச் சுருக்கினாள். "அங்கே ஆள் சேர்த்துவிட்டா உங்களுக்கு என்ன சார் லாபம்?"

மோப்பம் முதன்முறையாகச் சிரித்தார். "வாத்தியார் என் மச்சான்தான். ஆனா விதி நிஜம். நம்பலைன்னா பக்கத்து ஜன்னல்ல கேளு."

கேட்டாள், அங்கேயும் அதே பதில். இசையில் சேர்ந்து புள்ளியியலை விட்டாள், உதவித்தொகை தப்பியது. முதல் வகுப்பில் அந்த மச்சான் வாய் திறந்து அபஸ்வரமாய்ப் பாடியபோதுதான், அங்கே ஏன் இடம் காலியாக இருந்தது, தன் சந்தேகம் முழுக்க வீண் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.