அஞ்சலையக்கா தின்ற முதல் நெத்திலி

வண்டலூரிலிருந்து வரும் காலை பஸ் ஒரகடம் கூட்டுரோட்டில் நின்றதும், நடத்துனர் என் மெஸ் வாசலுக்கே இறங்கி வந்தார். மீன் கூடையை எங்கே வைப்பது என்று அஞ்சலையக்காவோடு தினமும் மல்லுக்கு நிற்கிற மனிதர். "மீன்காரம்மா பூட்டாங்கம்மா. கேளம்பாக்கத்துல பஸ்ஸுக்கு நின்னுகினு இருந்தாங்களாம், நெஞ்சுவலியாம்" என்றார். அடுப்பில் மீனுக்காகப் புளி கொதித்துக்கொண்டிருந்தது. அதை இறக்கி வைக்க மட்டும்தான் எனக்குத் தோன்றியது.

என் மெஸ்ஸில் சாப்பிட்டு, இன்று ஸ்ரீபெரும்புதூரிலும் மறைமலை நகரிலும் ஷிப்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் தம்பிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் மீனம்மா என்று கூப்பிட்ட அஞ்சலையக்காவைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் தெரியாத ஒன்று இருந்தது.

நான் வடக்குப்பட்டுக்காரி. நிலம் கம்பெனிக்குப் போன பிறகு மெஸ் வைத்தவள். ஏரி மீன் தவிர வேறெதையும் அறியேன். தெற்கத்திப் பிள்ளைகள் கடல் மீன் கேட்டு நச்சரித்ததால்தான் கோவளத்திலிருந்து இந்தப் பக்கம் மீன் விற்க வந்துகொண்டிருந்த அக்காவைக் கூப்பிட்டேன். முதல் நாள் கூடையில் சிறிதாக, நீளமாக இருந்ததையெல்லாம் நெத்திலி என்று ஒன்றாகப் போட்டு வறுத்துச் சட்டியைக் களியாக்கி வைத்தேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா நீ, நீளமா கீதுன்னா எல்லாம் நெத்திலியா? நெத்திலி தண்ணி மேலாக்க கும்பலா ஓடும். கெழங்கான் கரையோர மணல்ல பூந்துக்கும். இது உளுவ, கழிமொகச் சேத்துல குழி பறிச்சிகினு கெடக்கும். அததுக்கு ஒரு வூடு கீதும்மா."

அன்றிலிருந்து வறுவலுக்கு நெத்திலி, குழம்புக்கு மற்றவை என்று அக்காவே பிரித்துக் கொடுத்துவிட்டுப் போவார்.

பிறகு சுனாமி வந்த அந்த மார்கழியில் கடல் ஊருக்குள்ளே வந்தது. அக்கா பல நாள் வரவில்லை. பொங்கல் கழிந்து ஒரு காலை கூடையோடு வந்து நின்றபோது நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "வூட்ல எல்லாரும் நல்லா கீறாங்களாக்கா?" என்றேன். "கீறாங்க, கீறாங்க. வலதான் பூட்ச்சி" என்று கூடையை இறக்கினார்.

ஆனால் மீன் விலைபோகவில்லை. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அப்போது ஊரே மீனைக் கண்டு ஒதுங்கியது. திருச்செந்தூர் பக்கத்துச் சுடலை தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "வேண்டாம்க்கா. கடல்ல அத்தன பொணம் கெடக்கு. இது எதத் தின்னுச்சோ யாருக்குத் தெரியும்?" என்றான். எல்லோரும் ரசத்துக்குத் தாவினார்கள். அக்கா மூன்று நாள் கூடையோடு திரும்பிப் போனார்.

நான்காம் நாள் மத்தியானம், கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது, "தலையக் கிள்ளாம கொஞ்சம் நெத்திலி வறுத்துக் குடும்மா" என்று கேட்டு வாங்கி, உங்கள் நடுவிலேயே பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு மீனை எடுத்து, நகத்தால் அதன் வாயைப் பிரித்துக் காட்டினார்.

"இத்துனூண்டு வாயி. இது யாரத் துண்ணும்?"

அப்படியே வாயில் போட்டு நெடுநேரம் மென்றார். சுடலைதான் முதலில் எழுந்து வந்து அவர் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தான். அதற்கப்புறம் சட்டி காலியாகிவிட்டது.

மறுநாளும், "மீனம்மா மொதல்ல திங்கட்டும்" என்று ஒருவன் சொன்னான். அக்கா தின்றார். பயம் போன பிறகும் அது விளையாட்டாக நிலைத்துவிட்டது. சட்டியிலிருந்து இறங்கும் முதல் நெத்திலி மீனம்மாவுக்கு. நீங்கள் தட்டை நீட்டிச் சிரிப்பீர்கள், அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். நானும் ஆசையாகப் பெரிய மீனாகப் பார்த்து எடுத்து வைப்பேன்.

சாவுக்குக் கோவளம் போயிருந்தேன். அக்காவின் மகனைத் தேடினேன், கொள்ளி வைத்தது பேரன். மருமகள் கலா என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "சுனாமி அன்னிக்கு எங்க வூட்டுக்காரரு கரைல வல பிரிச்சிகினு இருந்தாருக்கா. அல வாரிகினு பூட்ச்சி. ஒடம்பு கெடைக்கவே இல்ல. கருமாதி பண்ணலாம்னா அத்த வுடல. எம்புள்ள ஒடம்பு வரட்டும்னாங்க. கருமாதி முடியாம வூட்ல மீனு ஆக்கக் கூடாதே. அன்னிலேர்ந்து எங்க வூட்ல மீனு கெடையாது. வித்துகினு வந்து வெறும் ரசம் ஊத்தி துண்ணுவாங்க."

மெஸ்ஸில் நடந்ததை மறைக்க மனம் வரவில்லை, சொன்னேன். கலா என் முகத்தையே பார்த்தாள். "மீனு துண்ணாங்களா? தெனமுமா?" என்றாள். பக்கத்தில் இருந்த, அந்த மீன் காசில் படிக்கிற பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைகளைப் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அக்கா மேல் எனக்குக் கோபம்தான். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? மீனை வாங்கிக் குப்பையிலாவது கொட்டியிருப்பேனே. ஆனால், மகன் அந்தத் தண்ணீரில் கிடக்கிறான் என்று வெளியே தெரிந்திருந்தால் அவர் கூடையை ஒருவரும் தொட்டிருக்க மாட்டார்கள். அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. சுடலை, நீ இதைப் படித்தால் உன்னையே நொந்துகொள்ளாதே. நீ கேட்டது ஊரே கேட்டதுதான். அதற்கு அவர் பதில் சொல்லிவிட்டார்.

மெஸ்ஸில் நெத்திலி இன்றும் உண்டு, கலாதான் கொண்டுவருகிறாள். சுத்தம் செய்ய ஆள் இருந்தாலும் நானே உட்கார்ந்துகொள்கிறேன். தலையைக் கிள்ளும் முன் நகத்தால் அதன் வாயைப் பிரித்துப் பார்க்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் தங்கியது இந்தப் பழக்கம் ஒன்றுதான். மிகவும் சிறிய வாய்தான், அக்கா. யாரையும் தின்றிருக்காது.