உள்ளே மடித்த ஐந்து விரல்

எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. இரண்டு தையல் மெஷின், ஒன்று அக்காவுக்கு, ஒன்று எனக்கு. துணி வெட்டுவது அவள், வாயடிப்பது நான். பிள்ளைகளுக்கு எதைத் தைத்தாலும் அடியில் ஐந்து விரல் அகலத்துக்குத் துணியை உள்ளே மடித்து விடுவாள். வளர்ந்தால் பிரித்துக்கொள்ளலாம். அந்த மடிப்புக்காகவே அம்மாக்கள் அவளைத் தேடி வந்தார்கள்.

அவள் மகனுக்கு நாலு வயதில், கடையில் மிஞ்சிய துண்டுகளை ஒட்டி ஒரு போர்வை தைத்தாள். அவனோ ஒட்டடைக்குச்சியாக வளர்ந்துகொண்டே போனான். ஏழு வயதில் போர்வையைச் சுற்றி ஒரு கரை சேர்த்தாள், பதினொன்றில் மஞ்சளில் இன்னொன்று. பதினேழில் வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தபோது மறுபடியும் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது கரைக்குத் துணிகளை மேசையில் பரப்பினாள்.

"சிவப்புக் கட்டம் போடறேன்டா. அந்த மஞ்சளுக்கு எடுப்பா இருக்கும்."

"ஹாஸ்டல்ல மானம் போயிடும்மா. கருநீலம் போடு, அழுக்குத் தெரியாது."

"துவைக்க மாட்டேன்னு இப்பவே சொல்றான் பாரு," என்றேன் நான்.

"சித்தி, நீ சும்மா இரு!"

கருநீலம் என்றே முடிவானது. அவன் கேட்டு அவள் மறுத்ததாக எனக்கு நினைவே இல்லை. மஞ்சளை ஒட்டி நீலம் வைத்தால் முகத்தில் அடிப்பதுபோல் இருந்ததால், நடுவே மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு விட்டாள். ஸ்டூலில் ஏறி நின்று பார்த்துத் தலையாட்டினாள். நீலக் கரை எட்டு விரல் அகலம். அடிக் கரையை மட்டும் வழக்கம்போல் ஐந்து விரல் கூட்டி வெட்டினாள், இன்னும் வளருவானாம். அதில் நாலு மூலைக்கும் நீலம் பற்றாமல் போய்விட்டது. கடை கடையாக ஏறியும் அதே நீலம் கிடைக்கவில்லை.

"மூலைக்குச் சிவப்பு வெச்சுடறேன்."

"வெச்சுப் பாரு, போர்வைய நான் எடுத்துட்டே போகமாட்டேன்."

"போடா, உன்னக் கேட்டுத்தான் வெக்கணுமா!"

"காலேஜுக்கு ஃபோட்டோ எடுத்துட்டு வந்து பேசிக்கறேன்," என்று சைக்கிளை எடுத்தான். முக்குத் திரும்பும் இடத்தில் லாரி. அவன் திரும்பி வரவில்லை. இதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஐந்து மாதம் கழித்து, ஒரு காலையில் அக்கா அந்தப் போர்வையை வெளியே எடுத்தாள்.

"யாருக்கும்மா இது? உள்ள வெச்சுடேன்," என்றார் மாமா, அவள் கணவர்.

"பாதியில கெடக்கறத என்னால பாக்க முடியலங்க."

அவர் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். சிவப்புக் கட்டத்தில் நாலு சதுரம் வெட்டி அக்கா மூலைகளில் வைத்தாள். இப்போது வேண்டாம் என்று சொல்ல ஆளில்லை. ஸ்டூலில் ஏறிப் பார்த்தாள், இறங்கி எடுத்தாள், மறுபடியும் வைத்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அடிக் கரையைத் தைக்க என்னிடம் கொடுத்திருந்தாள். என் கை பாட்டுக்கு ஐந்து விரலை உள்ளே மடித்து, இஸ்திரி போட்டு, அழுத்தியும் விட்டது. அவள் பார்வை அங்கே நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது.

"அக்கா... பழக்கத்துல..."

அவள் மடிப்பின் மேல் விரலை ஓட்டினாள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை.

"அவன் வளந்து முடிச்சுட்டான்டி," என்றாள்.

கத்தரிக்கோலை எடுத்து மடிப்பின் ஓரமாகவே நேராக வெட்டி, உள்ளே மடித்திருந்த ஐந்து விரலையும் தனியாக எடுத்தாள். அந்த நீளத் துண்டை எட்டாக்கி, இரண்டிரண்டாக இணைத்தாள். நாலு மூலைக்கும் சரியாக இருந்தது. சிவப்புச் சதுரங்களைக் கழிவுத் துணிப் பையில் போட்டாள். நாலாவது மூலையும் தைத்து முடித்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எல்லாம் நீலம்தான். அவன் கேட்டபடியே வெச்சாச்சு," என்றாள். "இப்ப எடுத்துட்டுப் போகச் சொல்லு."